52-இல் 27 போனால் 35: அந்தக் குழந்தை என்ன செய்தது?

இரண்டாம் வகுப்பு நோட்டில் 52 − 27 = 35 என்று பார்த்தால், "கடன் வாங்க மறந்துட்டே" என்று சொல்லிச் சுழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுக்கிறோம். ஆனால் அந்தக் குழந்தை கடன் வாங்கியே இருக்கலாம். 35 என்ற இந்த விடை இரண்டு வழியில் வரும். 2-இல் 7 போகாது என்பதால் எண்களைத் திருப்பிப் போட்டு, 7-இல் 2 போக 5, 5-இல் 2 போக 3 என்று எழுதும் குழந்தை உண்டு. இன்னொரு குழந்தை பத்தை வாங்கி, 12-இல் 7 போக 5 என்று சரியாகவே எழுதும். பக்கத்தில் இருக்கும் 5-ஐ 4 ஆக்க மறந்து, 5-இல் 2 போக 3 என்று போடும். அங்கேயும் 35.

ஒன்றாம் இட இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருக்கும் கடன் கணக்குகள் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. அதனால் சோதித்துப் பார்க்க 52 − 28 கொடுங்கள். 36 வந்தால் திருப்பிப் போட்டிருக்கிறது. 34 வந்தால் பத்தைக் குறைக்கவில்லை. இரண்டாவது குழந்தைக்கு எழுதும் முறையில்தான் சறுக்கல், கொஞ்சம் பழகினால் போதும். முதல் குழந்தையை நோட்டை மூடச் சொல்லிவிட்டுக் குச்சிக்கு அழைத்து வர வேண்டும்.

திருப்பிப் போடும் பழக்கத்துக்குப் பெரும்பாலும் நாமே காரணம். "பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்" என்று ஒன்றாம் வகுப்பில் சொன்னதைக் குழந்தை ஒவ்வொரு இலக்கத்துக்கும் பொருத்துகிறது. 52 அதன் கண்ணுக்கு ஐந்தும் இரண்டும்தான். வாயால் சொல்லவைத்தால் பாதி சரியாகிவிடும். ஐம்பத்திரண்டு என்னும்போதே ஐம்பதும் இரண்டும் காதில் விழுகின்றன. தொண்ணூறில் மட்டும் ஒன்பது பத்துகள் இருப்பது காதில் தெளிவாக விழாது, நூறுதான் கேட்கும். எனவே தொண்ணூறுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

குச்சி வேலைக்கு ஈர்க்குச்சி போதும். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஐந்து கட்டுகள், உதிரியாக இரண்டு. 52-ஐ மட்டும் வையுங்கள். 27-ஐயும் தனியாக வைத்தால் குழந்தை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணத் தொடங்கிவிடும். முதலில் இரண்டு கட்டுகளை எடுக்கட்டும், மூன்று மிஞ்சும். அடுத்து ஏழு குச்சி வேண்டும், கையில் உதிரி இரண்டுதான். இந்த இடத்தில் நாம் பேசாமல் இருப்பது முக்கியம். குழந்தையே ஒரு கட்டை அவிழ்க்கும். அவிழ்த்த பத்தில் ஏழை எடுத்தால் மூன்று மிஞ்சும், பழைய இரண்டோடு ஐந்து. இரண்டு கட்டு, ஐந்து உதிரி: 25. 12-இல் 7 போனால் எவ்வளவு என்று தெரிய வேண்டியதே இல்லை, 10-இல் 7 போனால் 3 என்பது தெரிந்தால் போதும். ஆகவே பத்தின் ஜோடிகள் (7-3, 6-4, 8-2) விரல் மடக்காமல் வரும் வரை இரண்டிலக்கக் கழித்தலைத் தொடங்காதீர்கள்.

"கடன் வாங்குதல்" என்ற சொல்லையும் விட்டுவிடலாம். வாங்கியதை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை! "கட்டை அவிழ்த்தல்" என்றால் ஒரு கட்டு குறைந்தது கண்ணிலேயே தெரியும், 34 எழுதும் குழந்தைக்கும் அதுவே உதவி.

எல்லாக் கணக்குக்கும் கட்டை அவிழ்க்கவும் தேவையில்லை. 31 − 28-ஐச் செங்குத்தாக எழுதி அடித்துத் திருத்துவது வீண் வேலை. ஒரு கோடு போட்டு 28-இலிருந்து 30-க்கு 2, 30-இலிருந்து 31-க்கு 1 என்று தாவினால் 3. எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இதுதான் நல்ல வழி.

63 − 29-க்கு 30-ஐக் கழித்து 33, பிறகு ஒன்றைக் கூட்டி 34. இங்கே நிறையக் குழந்தைகள் மறுபடி ஒன்றைக் கழித்து 32 என்பார்கள். 29-ஐ 30 ஆக்கக் கூட்டினோம், அதனால் இப்போது கழிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். கடைக் கணக்காகச் சொல்லுங்கள்: 29 ரூபாய் பொருளுக்கு 30 ரூபாய் கொடுத்தால் கடைக்காரர் ஒரு ரூபாய் மிச்சம் தருவார், அது நம் கைக்குத்தான் வரும்.

கடைசியாகப் பூஜ்ஜியம். 40 − 17-க்கு 37 என்றோ 30 என்றோ வரும். 37 எழுதியது திருப்பிப் போட்ட அதே பழக்கம். 30 எழுதிய குழந்தை, 'ஒன்றுமில்லாததிலிருந்து எடுக்க முடியாது, அதனால் பூஜ்ஜியம்' என்று யோசித்திருக்கிறது. நான்கு கட்டுகளை மட்டும் முன்னால் வைத்து, 17 குச்சி கேளுங்கள்.