படம் இருக்கு, சுவர் எங்கே? கண்காட்சி வைக்க விரும்பும் மட்டக்களப்பு, அம்பாறைக் கலைஞர்களுக்கு

கல்லடியில் காண்பியக் கலை படித்து முடித்த ஒரு தங்கச்சியோடு பிரதேச செயலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். தன் ஓவியங்களை மக்களுக்குக் காட்ட ஒரு மண்டபமும், முடிந்தால் கொஞ்சம் உதவியும் கேட்பதற்கு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “நடனமா, கூத்தா?” ஓவியம் என்றாள். “அப்ப ஸ்கூல் பிள்ளைகளின்ட போட்டியா?” இல்லை, கண்காட்சி என்றாள். “கலாசார உத்தியோகத்தர் வெளிக்களத்துக்குப் போயிட்டார் மகள், புதன்கிழமை வாங்க.” புதன்கிழமை போனோம். அவர் கொழும்பில், பயிற்சிப் பட்டறையில்.

இளம் கலைஞர் கண்காட்சி வைக்க இதுதான் திட்டம் என்று ஒரே திட்டம் கிடையாது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த இலங்கைக் கலைக்கழகம், அதன் காண்பியக் கலைக் குழு, கலாசார அலுவல்கள் திணைக்களத்தோடு சேர்ந்து நடத்தும் அரச காண்பியக் கலை விழா ஒரு பக்கம். மாகாணத்தின் விருதுகளும் விழாக்களும் இன்னொரு பக்கம். உள்ளூராட்சி சபைகளின் மண்டபங்கள் மூன்றாவது. பின்னணி இவ்வளவு போதும்.

முதல் அலைச்சலே ‘கலாசாரம்’ என்ற சொல்லால்தான். பிரதேச செயலகத்தில் இருக்கும் கலாசார உத்தியோகத்தர் ஒரு வழி. கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் வேறு, அது திருகோணமலையில். இந்துசமய கலாசார அலுவல்கள் திணைக்களம் இன்னும் வேறு, முஸ்லிம் சமய கலாசாரத்துக்கும் தனித் திணைக்களம். “அது எங்கட வேலை இல்லை” என்பதை நான்கு இடத்திலும் ஒரே குரலில் சொல்வார்கள். ஆகவே போகுமுன், உங்கள் கையில் இருக்கும் அறிவித்தலின் தலைப்பில் எந்தத் திணைக்களத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அறிவித்தலே இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் தொடங்குங்கள், ஆனால் வாயால் கேட்காதீர்கள். ஒரு பக்கக் கடிதம், இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையோடு ஒப்பம் வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கந்தோருக்குள் போனதற்குச் சாட்சியே கிடையாது.

படிவத்தில் ‘துறை’ என்று ஒரு கட்டம் வரும். அதில் ‘சமகாலக் கலை’ என்றோ ‘இன்ஸ்டலேசன்’ என்றோ எழுதினால் பைல் அங்கேயே நிற்கும், ஏனென்றால் அவர்களிடம் உள்ள பட்டியலில் அப்படி ஒன்று இருக்காது. ‘காண்பியக் கலை - சித்திரம்’ அல்லது ‘சிற்பம்’ என்று போடுங்கள். நீங்கள் உண்மையில் செய்வதைத் தனித்தாளில் நான்கு வரியில் எழுதி, படத்தோடு இணையுங்கள். மனம் ஒப்பாதுதான். எனக்கும் ஒப்பவில்லை.

அடுத்த பொறி ‘மன்றம்’. தனியாளாகக் கேட்டால், “பதிவு செய்த கலை மன்றம் ஊடாக வாங்க” என்பார்கள். மன்றம் பதிய யாப்பு, உறுப்பினர் பட்டியல், கூட்ட அறிக்கை எல்லாம் வேண்டும், மாதங்கள் போகும். அவசரமாக நாலு சிநேகிதர்களைச் சேர்த்து மன்றம் தொடங்குவதைவிட, ஏற்கனவே பதிவுள்ள உள்ளூர் மன்றத்தின் கடிதத்தோடு போவது சுலபம். ஒன்று மட்டும்: காசோலை மன்றத்தின் பெயருக்குத்தான் வரும். பங்கு என்ன என்பதை முன்கூட்டியே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயதும் ஒரு பொறிதான். தேசிய இளைஞர் கொள்கை இளைஞர் என்று கணக்கெடுப்பது 15 முதல் 29 வரை. நம் பக்கத்தில் பட்டம் முடித்து, தொழில் தேடி, கையில் பத்துப் படம் சேரும்போது பலருக்கு முப்பது தாண்டிவிடுகிறது. எந்தத் திகதியில் வயதைக் கணக்கெடுக்கிறார்கள் என்று படிவத்தின் அடியில் பாருங்கள். ‘மாணவர்’, ‘திறந்த பிரிவு’ என்று இருந்தால், இறுதிப் பரீட்சை எழுதி முடிவுக்காகக் காத்திருப்பவர் எந்தப் பக்கம் என்று எழுத்தில் கேளுங்கள்.

மொழிக்கு வருவோம். சிங்களத்தில் மட்டும் வந்த சுற்றறிக்கை, முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முன்பு அறிவித்தல் பலகையில் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். கல்முனை, திருக்கோவில், பொத்துவில் ஆட்கள் அம்பாறைக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வரை போய், சிங்களப் படிவத்தோடு திரும்பிய கதைகள் எத்தனையோ. அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழ்ப் படிவம் கேட்பது சலுகை கேட்பதல்ல. தரமாட்டோம் என்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

போட்ட விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லையா? 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். யார் யார் விண்ணப்பித்தார்கள், எந்த அடிப்படையில் தெரிவு செய்தீர்கள், நிதி எவ்வளவு என்று கேட்டு, அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். அந்தத் தங்கச்சியின் பைல் அசைந்தது இந்தக் கடிதம் போன பிறகுதான்.

சரி, மண்டபம். மாநகர சபையோ பிரதேச சபையோ தரும் மண்டபங்கள் கூட்டத்துக்கும் கலியாணத்துக்கும் கட்டியவை. சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், அடித்தால் வைப்புப் பணம் போச்சு. நாங்கள் யன்னல் கம்பிக்குக் கம்பி தங்கூசி இழுத்து, அதில் படங்களைத் தொங்கவிட்டோம். மின்விசிறியைப் போட்டால் எல்லாம் ஆடும், போடாவிட்டால் வந்தவர்கள் நிற்கமாட்டார்கள். முன்பதிவுக்கு முன் ஒருதரம் பகலில் போய் வெளிச்சத்தைப் பாருங்கள். வாடகை வேறு, மீளத் தரும் வைப்பு வேறு, இரண்டுக்கும் தனித்தனிப் பற்றுச்சீட்டு. அரச நிகழ்ச்சி வந்தால் உங்கள் நாளை எடுத்துவிடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள், கேட்காமல் மாட்டுப்பட்டவர்கள் உண்டு. மட்டக்களப்புக் கோட்டைக்குள் வைக்கலாமே என்று ஆசைப்படுகிறவர்களுக்கு: அது தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ள இடம், அனுமதிக்கு வேறொரு வரிசை.

கொழும்பில் 1993 முதல் நடக்கும் திறந்தவெளி ஓவியச் சந்தையான கலா பொல அரச திட்டம் அல்ல, ஜோர்ஜ் கீற் மன்றம் நடத்துவது. அதற்கான படிவத்தைத் தேடிப் பிரதேச செயலகத்துக்கு அலையாதீர்கள்.

வடிவமைப்பாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓவியத்துக்குப் பதிப்புரிமை தானாக வரும், பதியத் தேவையில்லை, ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடமும் நிற்கும். மருதமுனைத் தறியில் நெய்ய நீங்கள் போட்ட புதுக் கோலம், விளக்கு, கதிரை போன்றவற்றின் வடிவம் அப்படியல்ல. அதற்குத் தேசிய புலமைச்சொத்து அலுவலகத்தில் பதிவு வேண்டும். ‘புதியது’ என்றால்தான் பதிவு. கண்காட்சியில் வைத்து, முகநூலிலும் போட்டுவிட்டுப் பதியப் போனால் சிக்கல். முதலில் விண்ணப்பம், அப்புறம் காட்சி. பதிவு 5 வருடம், இரண்டு முறை புதுப்பிக்கலாம்.

கொழும்புக்கு அனுப்பும் படங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் பெயர், அளவு, படத்தின் பின்பக்கத்தில் உங்கள் ஒப்பம், கையளித்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு. “விழா முடிய வந்து எடுங்க” என்பார்கள். எந்தத் திகதி வரை வைத்திருப்பார்கள், யாரிடம் எடுப்பது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தங்கச்சியின் மூன்றாவது படம் ஏதோ ஒரு களஞ்சிய அறையில் கிடந்து, எட்டு மாதம் கழித்து பெட்சீட்டில் சுற்றி இரவு ரயிலில் வந்து சேர்ந்தது. படச்சட்டம் உடைந்திருந்தது.