மேக்ரோஃபேஜ் – பெருவிழுங்கி

மேக்ரோஃபேஜ் ஒரு வகை நோயெதிர்ப்பு செல். கிருமி, செத்த செல், குப்பை என்று உடம்பில் கிடப்பதை வளைத்து உள்ளே இழுத்துச் செரிப்பது அதன் வேலை. கிரேக்கத்தில் ‘மாக்ரோஸ்’ என்றால் பெரியது, ‘ஃபகெய்ன்’ என்றால் உண்ணுதல். (பழைய கல் சவப்பெட்டிக்கு ‘சார்கோஃபகஸ்’, அதாவது சதைதின்னி என்று பெயர். அதன் முன்பாதிதான் ‘சார்கோமா’ என்ற புற்றுப் பெயரிலும் இருக்கிறது.)

சொல்லின் கதை ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகாவிடம் தொடங்குகிறது. 1882இல் இத்தாலியின் மெசினாவில், உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும் நட்சத்திரமீன் லார்வாவுக்குள் முள்ளைச் செருகினார். மறுநாள் காலை பார்த்தால், நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. இப்படி விழுங்கும் செல்களுக்கு ‘ஃபேகோசைட்’ என்ற பெயர் வியன்னா விலங்கியலாளர் கார்ல் கிளாஸ் வழியாகக் கிடைத்தது. அப்புறம் மெச்னிகாவ் அவற்றில் சிறியதை மைக்ரோஃபேஜ், பெரியதை மேக்ரோஃபேஜ் என்று பிரித்தார். ஆக, ‘மேக்ரோ’ செல்லின் உருவத்தைக் குறிக்கிறது, அதன் பசியை அல்ல. 1908இல் பால் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தத் தின்னும் குணத்தை வைத்தே இப்போது அதைப் படம் பிடிக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, பதின்ம வயதினருக்கு, பெரும்பாலும் முழங்காலையொட்டி வரும் எலும்புப் புற்று ஆஸ்டியோசார்கோமா. கட்டிக்குள் மேக்ரோஃபேஜ்கள் இருந்தும் சும்மா இருக்கும். புற்றுசெல்லின் மேலுள்ள சிடி47 என்ற புரதம் ‘என்னைத் தின்னாதே’ என்று தடுத்துவிடுகிறது. அந்தப் புரதத்தை மறைக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தால் விழுங்கத் தொடங்கலாம். சரி, தொடங்கியதா என்று எப்படிப் பார்ப்பது? கட்டியின் அளவை நம்ப முடியாது. இந்தப் புற்று தானே எலும்புப் பொருளை உண்டாக்குவதால், செல்கள் செத்தாலும் கட்டி அவ்வளவாகச் சுருங்குவதில்லை.

ஃபெரூமாக்சிடால் என்று ஓர் இரும்பு மருந்து. 2009இல் அமெரிக்காவில் இரத்தசோகைக்கு அனுமதி பெற்றது. அதன் நானோ துகள்களை இரத்தக்குழாயில் ஏற்றினால் மேக்ரோஃபேஜ்கள் விழுங்கிவிடும். பிறகு எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் இரும்பு சேர்ந்த இடம் கறுத்துத் தெரியும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எலிகளில் இதைச் செய்து பார்த்தபோது, சிடி47 சிகிச்சை பெற்ற கட்டிகள் கூடுதலாகக் கறுத்தன. பழைய இரத்தக்கசிவும் இரும்பை விட்டுச்செல்லும் என்பதால், இரும்பு மருந்தை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டால்தான் கணக்கு.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘பெருந்தின்னி’ என்றால் சாப்பாட்டுராமன் நினைவுதான் வரும். எலும்பைப் பற்றிப் பேசும்போது இன்னொரு சிக்கலும் உண்டு: எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் இதன் பங்காளி. இரண்டையும் ‘தின்னி’ என்றால் குழம்பும். முழுதாக உள்ளிழுப்பதைச் சொல்லும் ‘பெருவிழுங்கி’ பொருத்தமானது. ஏற்கெனவே புழக்கத்திலும் இருக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்டை ‘எலும்பு கரைப்பி’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘கிளாஸ்ட்’ என்ற கிரேக்கப் பகுதிக்கு உடைப்பது என்றுதான் பொருள். ஆனால் அந்த செல் அமிலம் சுரந்துதான் எலும்பை அரிக்கிறது.