பாட்டி விழுந்தது பாத்ரூமில், மனு போக வேண்டியது ஆட்சியருக்கு

‘வீட்டில் வழுக்கி விழுந்தார்.’ இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வரும் பெரியவர்களின் கேஸ் ஷீட்டில் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். எந்தப் படியில், எத்தனை மணிக்கு, என்ன மாத்திரை போட்ட பிறகு என்பதெல்லாம் இருக்காது. இந்த மாதமும் அதே வரியோடு வந்துகொண்டே இருக்கிறார்கள்.

‘வயசாச்சு, பார்த்து நடக்கணும்’ என்று பிள்ளைகள் சொல்வதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘வீட்டுக்குள்ள விழுந்ததுக்கு கவர்ன்மென்ட் என்ன செய்யும்?’ என்று கேட்பதைத்தான் தாங்க முடியவில்லை. நிறைய செய்ய முடியும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே ரோடு போட்டுக்கொண்டே போனால் தெரு உயர்கிறது, வீடு பள்ளமாகிறது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வாசலில் ஒரு மேடு கட்டுகிறார்கள். அதைத் தாண்டி உள்ளே ஒரு அடி இறங்கும்போதுதான் பெரியவர் விழுகிறார். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-லேயே எழுதியிருக்கிறார். உங்கள் தெருவில் ரோடு போட வரும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள்.

அரசு மானியத்தில் கட்டிய கழிப்பறையையும் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று படி ஏற வேண்டியிருக்கும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. 80 முதல் 90 செ.மீ. உயரத்தில், கை சுற்றிப் பிடிக்கிற பருமனில், 4 செ.மீ. விட்டமுள்ள குழாய் ஒன்று போதும். அதைக் கழிப்பறை கட்டும் செலவு மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். (துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது. ஆள் எடை விழுந்தால் திருகோடு பெயர்ந்து வரும்.)

மாத்திரையும் அரசு தருவதுதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அருமையான திட்டம். ஆனால் பிரஷரைப் பெரும்பாலும் உட்கார வைத்தே பார்க்கிறார்கள். 5 நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற 1-ஆவது நிமிடத்திலும் 3-ஆவது நிமிடத்திலும் ஒவ்வொரு முறை பார்க்க வேண்டும். நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், விடியற்காலையில் சிறுநீர் கழிக்க எழும்போது தலை சுற்றி விழ வாய்ப்பு அதிகம். டாக்டர்தான் மாத்திரையை மாற்ற வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். ‘கடந்த ஒரு வருடத்தில் விழுந்தீர்களா?’ என்று வீட்டுக்கு வரும் ஊழியரின் பதிவேட்டில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். காசு செலவில்லாத கோரிக்கை இது.

ரேஷன் கடையிலும் வங்கியிலும் சாய்தளம் இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். 4 அடியில் செங்குத்தாகக் கட்டி, மேலே வழவழப்பான டைல்ஸும் ஒட்டிவிட்டால் படியைவிட ஆபத்து. நடைபாதை 15 செ.மீ.க்கு மேல் உயரக்கூடாது. தாழ்தள பஸ்ஸை டிரைவர் நடைபாதையை ஒட்டி நிறுத்தாவிட்டால் பெரியவர் ரோட்டில் இறங்கி ஏற வேண்டியதுதான்.

மனு எழுதும்போது ‘முதியோர் நலன் காக்க’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள், பதில் வராது. ஒரு மனுவில் ஓர் இடம். டேப் வைத்து அளந்து, டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண்ணை வாங்குங்கள். கிராமத்தில் இன்னும் நல்ல வழி உண்டு. அக்டோபர் 1 முதியோர் தினம், மறுநாள் கிராம சபை. முதல் நாள் பொன்னாடை போர்த்துகிறவர்கள் மறுநாள் ஒரு கைப்பிடிக்குத் தீர்மானம் கொண்டுவரட்டும். வாயால் பேசினால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பெரியவரை டிஸ்சார்ஜ் செய்து கூட்டிப்போகிறவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறோம். விழுந்த விவரத்தை டாக்டரிடம் சொல்லி டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள்: ‘விடியற்காலை 4 மணி, கழிப்பறையின் இரண்டாவது படி, கைப்பிடி இல்லை, விளக்கு இல்லை.’ மனுவோடு இணைக்க அந்த ஒரு வரி வேண்டும்.