தணலை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்

மறுபடியும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை, வெளியே கடும் குளிர். ஐந்து பேருக்கும் தலைவலி, வாந்தி, தலைசுற்றல். "எல்லாரும் ஒரே சாப்பாடுதான் சாப்பிட்டோம் டாக்டர், அதுல ஏதோ சேரலை" என்று சொல்லிக்கொண்டுதான் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள். யாருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை, காய்ச்சலும் இல்லை. வண்டியில் காற்றுப்பட வந்ததிலேயே சின்னவனுக்குத் தலைவலி பாதி குறைந்திருந்தது. ராத்திரி அறைக்குள் என்ன எரித்தீர்கள் என்று கேட்டேன். "எதுவும் எரிக்கலையே டாக்டர். கொஞ்சம் கரித்தணல் மட்டும் சட்டியில போட்டு வெச்சிருந்தோம். புகையே இல்ல."

இந்தப் "புகையே இல்ல" என்ற பதிலை ஒவ்வொரு குளிர்காலத்திலும் கேட்கிறேன். இந்தக் குடும்பம் பிழைத்துக்கொண்டது. பாட்டி விடியற்காலையில் வாந்தி எடுக்க எழுந்து கதவைத் திறந்ததால் பிழைத்தது. யாருமே எழாமல் போன வீடுகளிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

புகை வேறு, இந்தக் குடும்பத்தைத் தாக்கிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வேறு. எத்தனை முறை சொன்னாலும் பதிய மாட்டேன் என்கிறது, அதனால் நிதானமாகவே சொல்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற புகையில் இருப்பது சரியாக எரியாத துகள்களும் ஆவியும். கண் எரியும், இருமல் வரும், ஆள் எழுந்து வெளியே ஓடிவிடுவார். பச்சை விறகு அப்படித்தான் எரியும். கரி என்பது அந்த ஆவியெல்லாம் முன்பே வெளியேற்றப்பட்ட விறகு. அதனால்தான் அது புகைவதில்லை. மிச்சம் இருப்பது பெரும்பாலும் கார்பன். அது போதிய காற்றில்லாமல் கனியும்போது மோனாக்சைடு தாராளமாக வெளியேறும். நன்றாகச் சிவந்து, மேலே சாம்பல் பூத்து, இனி பயமில்லை என்று உள்ளே எடுத்து வருகிறீர்களே, அந்தத் தணலும் அதைத்தான் விட்டுக்கொண்டிருக்கிறது. அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடுகூட மேலே இருக்கும் பழுத்த கரியினூடே வரும்போது மோனாக்சைடாக மாறும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கண்ணைக் கரிக்காது, தொண்டையை அரிக்காது. தூங்குகிறவரை எழுப்ப அதில் ஒன்றுமே இல்லை.

இதைச் சொன்னதும் அடுத்த சமாதானம் வரும். அறையில் ஒரு வாளி தண்ணீர் வைத்திருந்தோம், அது விஷத்தை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். இந்த வாயு தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. வாளி அல்ல, தொட்டியே வைத்தாலும் பயனில்லை. மூக்கில் ஈரத்துணி கட்டினாலும் அப்படித்தான். துகளை ஓரளவு தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தோம் என்பார்கள். தணல் எவ்வளவு, அறை எவ்வளவு பெரிது, அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று எல்லாவற்றையும் பொறுத்த விஷயம் அது. இவ்வளவு திறந்தால் போதும் என்று நான் ஓர் அளவைச் சொல்லவே முடியாது. நடு இரவில் குளிர் தாங்காமல் வீட்டில் யாராவது எழுந்து அதை மூடிவிடுவதும் நடக்கிறது. படுக்கும் முன் அணைத்துவிட்டோம் என்பவர்களிடம் கேட்கிறேன்: எப்படி அணைத்தீர்கள்? சாம்பலைப் போட்டு மூடினால் தணல் மணிக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

இன்னொன்று. இப்போது பல வீடுகளில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறது. "98 காட்டுது டாக்டர், ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு?" என்று என்னிடமே காட்டுகிறார்கள். இந்த விஷத்தில் அந்த எண்ணை நம்பவே கூடாது. மோனாக்சைடு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றிய ஹீமோகுளோபினையும் அந்தக் கருவி ஆக்சிஜன் ஏற்றியதாகவே படித்துவிடும். ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98 காட்டும். என் துறைக்குப் புதிதாக வரும் இளம் மருத்துவர்களுக்கும் இதையே சொல்கிறேன். குளிர்காலத்தில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் தலைவலியோடு வந்தால், விரலில் தெரியும் எண்ணைப் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். இரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபினை, அதாவது மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபினை, தனியாக அளக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் படித்த செர்ரிச் சிவப்பு நிறத் தோலுக்காகக் காத்திருக்காதீர்கள். உயிரோடு வருகிறவர்களிடம் அதைப் பார்ப்பது அபூர்வம்.

ஜெனரேட்டர் விஷயத்தில் எனக்குப் பொறுமை இன்னும் குறைவு. வண்டி நிறுத்தும் கொட்டகையின் கதவைத் திறந்து வைத்தால் அது வெளியிடம் ஆகிவிடாது. பால்கனி, மாடிப்படி, ஜன்னலுக்குக் கீழே உள்ள சந்து, எதுவும் கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, வெட்டவெளியில் வையுங்கள். உங்கள் வீட்டிலிருந்து தள்ளிப்போகிறேன் என்று பக்கத்து வீட்டு ஜன்னலடியில் வைத்துவிடாதீர்கள். அதை நனையவிடக் கூடாது என்பது சரி, அதற்காக உள்ளே இழுக்கக் கூடாது. மேலே கூரை மாதிரி ஒரு மறைப்பு, நாலு பக்கமும் திறப்பு. எஞ்சின் ஆறிய பிறகுதான் எரிபொருள் ஊற்ற வேண்டும். இருபக்கமும் பிளக் உள்ள வயரைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கிறார்கள் சிலர். அது தெருக் கம்பிக்குப் பின்னோக்கிப் பாயும். உங்களுக்காகத்தான் ஒரு லைன்மேன் அந்த நேரத்தில் கம்பத்தில் ஏறியிருப்பார்.

கேஸ் அடுப்பைப் பற்ற வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து குளிர்காய்வதும், மூடிய கொட்டகையில் காரை ஓடவிட்டு உள்ளே உட்காருவதும் இதே கதைதான். விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அப்படியானால் குளிரைப் பொறுத்துக்கொண்டு கிடங்கள் என்றா சொல்கிறேன்? இல்லை. குளிரும் கொல்லும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் பனிப்புயலில் மின்சாரம் போய் லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. அந்த மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குளிரால். வெப்பம் தேடி உள்ளே எதையோ எரித்து, மோனாக்சைடால் இறந்தவர்களும் அதே கணக்கில் இருக்கிறார்கள். குளிர் அந்த அளவு போகும்போது மனிதர் எதையாவது எரிக்கத்தான் பார்ப்பார். அதனால்தான் கரண்ட் இருக்கும்போதே தயாராகுங்கள் என்று கெஞ்சுகிறேன்.

வீடு முழுவதையும் சூடாக்கப் பார்க்க வேண்டாம். சின்ன அறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் அதிலேயே இருங்கள். ஜன்னல்களுக்குக் கம்பளி தொங்கவிடுங்கள், கதவுக்கு அடியில் துணியைச் சுருட்டி வையுங்கள். கவனம்: இப்படி அடைத்த அறையில் மெழுகுவத்திகூட ஏற்றக் கூடாது. வெளிச்சத்துக்கு டார்ச், எமர்ஜென்சி லைட் போதும். தரையில் நேராகப் படுக்காதீர்கள். மேலே இரண்டு போர்வை போடுவதைவிட ஒன்றை அடியில் விரிப்பது பல நேரம் அதிகம் உதவும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிடத் தளர்வான இரண்டு மூன்று அடுக்கு உடை நல்லது. தலைக்குக் குல்லா, காலுக்கு உறை. ஈரமான துணியை உடனே மாற்றிவிடுங்கள்.

பெரியவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வயதானவர்கள் பலருக்குக் குளிர்வதே தெரியாது, நடுக்கமும் வராமல் போகலாம். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே ஆபத்து. அந்த நிலையில் அவர்கள் புலம்ப மாட்டார்கள். பேச்சு குழறும், பதில் தாமதமாக வரும், தூங்கி வழிவார்கள். "அப்பா அமைதியா தூங்குறார்" என்று விட்டுவிடாதீர்கள். சட்டைக்குள் கையை விட்டு வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். வயிறே சில்லென்றிருந்தால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் நின்று மந்தமானால் அது தேறியதற்கு அடையாளம் இல்லை, முற்றியதற்கு அடையாளம். கை காலைத் தேய்க்க வேண்டாம், மது கொடுக்கவே வேண்டாம். மதுவால் தோலில் சூடு தெரியும், உள்வெப்பம் அந்தத் தோல் வழியாகவே வெளியேறிவிடும். முதலில் மார்பையும் வயிற்றையும் போர்த்திச் சூடாக்குங்கள். தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம்.

வெந்நீர்ப் பை நல்ல பொருள்தான். கொதிக்கும் நீரை ஊற்றாமல், துண்டில் சுற்றி வையுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குக் காலடியில் வைக்காதீர்கள். சுட்டுக் கொப்புளம் போடும்வரை அவர்களுக்குத் தெரியாது. கைக்குழந்தையைப் பெரியவர்களுக்கு நடுவே கனத்த போர்வைக்குள் போட்டுப் படுக்காதீர்கள். உடம்போடு ஒட்டிய உடையை அடுக்கிப் போடுங்கள், முகத்தின் மேல் எதுவும் விழக் கூடாது.

மருந்துத் தட்டுப்பாடு வரும் என்ற பேச்சு கிளம்பியதும் சிலர் செய்வது என்னை மிகவும் வருத்துகிறது. மாத்திரையைப் பாதியாக உடைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டு நாளைக் கடத்துகிறார்கள். வலிப்பு மாத்திரையை இப்படி விட்டால் வலிப்பு வரும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை உடைத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். தயவுசெய்து இரண்டு வார மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி வாங்குங்கள், பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் வையுங்கள். அறை அறையாக வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். நீங்கள் குவித்தால் அடுத்தவருக்குக் கிடைக்காது.

இன்சுலின் போடுபவர்கள் கரண்ட் போனதும் பதற வேண்டாம். திறந்து உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் சாதாரண அறை வெப்பத்திலேயே நான்கு வாரம் வரை தாங்கும். உங்கள் மருந்தின் அட்டையைப் பாருங்கள். குளிர்காலத்தில் நடக்கும் தப்பு வேறு: ஃப்ரிட்ஜ் ஓடவில்லையே என்று ஜன்னலுக்கு வெளியே வைப்பது. உறைந்துபோன இன்சுலின் உருகித் தெளிந்தாலும் வேலை செய்யாது, தூக்கிப் போட்டுவிடுங்கள். வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இருந்தால், மாற்றாக ஒரு சிலிண்டரை நிரப்பி வைத்து, அது எத்தனை மணி நேரம் வரும் என்று இன்றே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அந்த அறையில் எந்த நெருப்பும் வரக் கூடாது. நெபுலைசரை மட்டும் நம்பியிருப்பவர்கள், ஸ்பேசரோடு (இன்ஹேலரில் பொருத்தும் குழல்) இன்ஹேலர் பயன்படுத்தலாமா என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறும்போது கற்றுக்கொள்ள முடியாது.

தண்ணீர், சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 4 லிட்டர், குறைந்தது மூன்று நாளுக்கு. குழாய் உறைவதற்கு முன்பே பிடித்து வையுங்கள். சந்தேகமான தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதியில் மூன்று நிமிடம். திறக்காத ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும், நிரம்பிய ஃப்ரீசரில் சுமார் 48 மணி நேரம். திறந்து திறந்து பார்த்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

கடைசியாக, பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கிப் படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள். புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது, கேட்டு வாங்குங்கள். பின்புறம் காலாவதித் தேதி இருக்கும், அதையும் பாருங்கள். அது கத்தினால், இங்கேதான் ஒன்றுமே எரியவில்லையே என்று பேட்டரியைக் கழற்றாதீர்கள். பக்கத்து வீட்டு ஜெனரேட்டராக இருக்கலாம். அலாரம் இல்லாத வீட்டில், ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்து, வெளியே போனால் குறைந்தால் அதையே அலாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லோரும் வெளியே. எண்ணிப் பாருங்கள். அப்புறம் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வெளிக்காற்றில் சரியாகிவிட்டது என்று திரும்பிப் போகாதீர்கள்: இரத்தத்தில் ஏறிய அளவு பாதியாகக் குறையச் சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். கர்ப்பிணி இருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அம்மா தேறிய பிறகும் சிசுவின் இரத்தத்திலிருந்து அது விலக இன்னும் நேரமாகும். வீடு திரும்பியவர்களுக்குச் சில நாள் கழித்தோ சில வாரம் கழித்தோ மறதி, நடையில் தடுமாற்றம், சுபாவத்தில் மாற்றம் தெரிந்தால் வயசாகிவிட்டது, அசதி என்று விட்டுவிடாமல் மறுபடி கூட்டி வாருங்கள். அன்று ராத்திரி அறைக்குள் தணல் இருந்தது என்பதை, நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.