நாய்க்குட்டி வந்தால் பூனை ஏன் அலுமாரிக்கு மேல் ஏறுகிறது?

கல்லடியிலோ களுவாஞ்சிகுடியிலோ ஒரு வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தால், அன்றைக்கே பூனை காணாமல் போகும். அலுமாரிக்கு மேல் கிடக்கும், அல்லது மதிலேறிப் பக்கத்து வளவுக்குப் போய்விடும். அதற்கு எரிச்சல் என்று வீட்டில் சொல்வார்கள்.

பூனைக்குக் குழம்பிப் போவது வீட்டின் மணம். அதன் கன்னத்திலும் தாடையிலும் சுரப்பிகள் உண்டு. கதவு நிலை, கதிரைக் கால், உங்கள் கணுக்கால் என்று உரசித் திரிவது அந்தச் சுரப்பைப் பூசி வைக்கத்தான். நமக்கு எதுவும் மணக்காது. பூனைக்கோ தன் இடத்தின் அடையாளமே அதுதான். அண்ணத்துக்கு மேலே ஜேக்கப்சன் உறுப்பு என்றொன்றும் இருக்கிறது. எதையோ மோந்துவிட்டு வாயைப் பாதி திறந்தபடி பூனை நிற்பதைக் கண்டிருப்பீர்கள். மணத்தை அந்த உறுப்புக்குள் இழுக்கிறது. இப்படிப் பார்த்துப் பார்த்துப் பூசிய வீட்டில், இரண்டு மாதக் குட்டியொன்று நாலு மூலையிலும் மூத்திரம் பெய்தால்?

ஆகவே அறிமுகத்தை மூக்கில் தொடங்குங்கள். குட்டியை ஓர் அறையில் விட்டு, பழைய சாரத் துண்டால் துடைத்து, அதைப் பூனை புழங்கும் இடத்தில் போடுங்கள். பூனை படுத்த துணியைக் குட்டிக்குக் கொடுங்கள். துணியைக் கண்டு சீறாமல் பூனை கடந்துபோகிறதா, மறுகா நேரில் காட்டலாம். பகல் முழுக்க வாசல் திறந்து கிடக்கும் நம் வீடுகளில் அறையைப் பூட்டி வைப்பது லேசில்லை. குறுக்கே ஒரு பலகை வைத்தாலும் போதும். குட்டி தாண்டாது, பூனை தாண்டும்.

நேரில் கண்டதும் அடுத்த சிக்கல். நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் உற்சாகம். பூனை வாலை விசிறினால் கிட்ட வராதே என்று பொருள். ஆனாலும் இரண்டும் கற்றுக்கொள்ளும். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் ஒரே வீட்டில் வாழும் நாய்களையும் பூனைகளையும் கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவை மற்றதன் சைகையைச் சரியாகவே விளங்கி நடந்தன. சிறு வயதில் சேர்ந்தவை நன்றாகப் பழகின. பூனை முதலில் இருந்து நாய் பிறகு வந்ததும் உதவியது, அதாவது நம் கதைதான். நாய்க்குட்டிக்கு ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரை, காண்பதையெல்லாம் சாதாரணமாக ஏற்கும் பருவம். 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதால் கையில் மிஞ்சுவது சில வாரங்களே.

பூனையைத் தூக்கிக் குட்டியின் முகத்துக்கு நேரே நீட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம். ஓட வழியில்லாத பூனைதான் பிறாண்டும். பூனையை அதன் போக்கில் விட்டுக் குட்டியைக் கயிற்றில் பிடியுங்கள். ஓடுவதைத் துரத்துவது நாயின் சுபாவம். துரத்தி ருசி கண்டுவிட்டால் மாற்றுவது கஷ்டம். மீன் தட்டை மேசைக்கோ ஜன்னல் கட்டுக்கோ ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் குட்டி நக்கி முடித்துவிடும். அது பக்கத்தில் இருக்கும்போதே பூனை நிம்மதியாகத் தின்னவும் தூங்கவும் தொடங்கினால் கயிற்றை அவிழ்க்கலாம். சில வீட்டில் ஒரு கிழமை, சில வீட்டில் மாதக்கணக்கு.

இரண்டுக்கும் விசர்நோய்த் தடுப்பூசி போடுவது தெரிந்த விஷயம். பலருக்குத் தெரியாதது உண்ணி மருந்து. நாய்க்கென்று விற்கும் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனையின் ஈரலால் அதைச் சரிவர உடைத்து வெளியேற்ற முடியாது. மருந்து காயாத நாயோடு உரசினாலே நஞ்சேறலாம். வாங்கும்போது போத்தலைப் படியுங்கள். பூனைக்கு நடுக்கமோ வலிப்போ கண்டால் பொறுத்துப் பார்க்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், போத்தலையும் சேர்த்து.