ஹைட்ரோதீக்கா: நீர்க்கூடு அல்ல, குவளை

கல்லூரியில் விலங்கியல் படித்தவர்கள் ரெக்கார்டு நோட்டில் ஒபீலியா என்ற கடல் உயிரியை வரைந்திருப்பார்கள். கொடிபோல ஒரு தண்டு, அதில் நிமிர்த்தி வைத்த மணிபோலச் சிறு கோப்பைகள், ஒவ்வொன்றிலிருந்தும் கை விரித்து எட்டிப் பார்க்கும் பாலிப்பு என்னும் ஒரு சிற்றுயிர். அந்தக் கோப்பைக்கு ஒரு கோடு இழுத்து ‘ஹைட்ரோதீக்கா’ என்று எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்திருப்போம். வெப்பக்கடலில் ஒன்றுபோலவே தோன்றும் ஹைட்ராய்டுகளை, அதாவது ஒபீலியா போன்ற செடிவடிவ விலங்குகளைப் பிரித்தறிய வேண்டியவருக்கு மட்டும் அந்தக் கோப்பையை மறக்க வழியில்லை.

சொல் கிரேக்கம். பின்பாதியான ‘தீக்கே’, வைத்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. எதையாவது வைக்கிற இடம், பெட்டி, பேழை என்று விரியும். ‘பிப்ளியோதீக்கே’ என்றால் நூல் வைக்கும் இடம். நாம் நூலகம் என்கிறோம். அதில் ‘அகம்’ பார்க்கிற வேலையைத்தான் அங்கே தீக்கே பார்க்கிறது. ஆட்டம் போடுகிற டிஸ்கோத்தேகூட இசைத்தட்டு வைக்கிற இடமாகத் தொடங்கிய சொல்தான்.

மொழிபெயர்ப்பவர் சறுக்குவது முன்பாதியில். ‘ஹைட்ரோ’ என்றதும் கை தானாக ‘நீர்’ என்று எழுதிவிடும். நீருறை, நீர்க்கூடு என்று ஒரு சொல் பிறந்துவிடும். கோப்பைக்குள் நீர் இருக்கத்தான் செய்யும். கடலுக்குள் எதில்தான் இல்லை? ஆனால் இது தண்ணீர் பிடித்து வைக்கிற பாத்திரம் அல்ல. இங்கே வருவது ஹைட்ரா: கிரேக்கக் கதையில் வெட்ட வெட்டத் தலை முளைத்த நீர்ப்பாம்பு. 1740களில் ஆபிரகாம் டிரெம்ப்ளே என்பவர் நன்னீரில் வாழும் ஓர் உயிரியைத் துண்டாக்கிப் பார்த்தார். துண்டுகள் ஒவ்வொன்றும் முழு உயிராக வளர்ந்தன. லின்னேயஸ் அதற்கு அந்தப் பாம்பின் பெயரையே வைத்தார். ஹைட்ராவின் சாயல் கொண்டது ஹைட்ராய்டு. அதன் இரை பிடிக்கும் பாலிப்பு குடியிருக்கிற இடம் ஹைட்ரோதீக்கா.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உறை’ என்பது முதலில் தோன்றும் சொல். எனக்கு அது ஒத்துவரவில்லை. தலையணை உறை, வாள் உறை என்று நாம் சொல்வதெல்லாம் உள்ளிருப்பதை ஒட்டிப் பிடிப்பவை. ஹைட்ராய்டில் அப்படி ஒட்டிக் கிடப்பது வேறொன்று. தண்டு முழுவதையும் மூடியிருக்கும் படலம், அதாவது பெரிசார்க். பூச்சிகளின் ஓட்டில் இருக்கும் கைட்டின் என்ற பொருளால் ஆனது. உறை என்ற சொல்லை அதற்குக் கொடுத்துவிடலாம். ஹைட்ரோதீக்கா அதே கைட்டினால் ஆனதுதான், ஆனால் வாய் அகன்று, உள்ளே இடம் விட்டு நிற்கும். தொட்டால் பாலிப்பு சட்டென்று உள்ளே சுருங்கிக்கொள்ளும், அப்புறம் மெல்ல வெளியே வரும். ஆகவே ‘குவளை’ என்பதே பொருத்தம். நகைத் தொழிலில் கல் பதிக்கிற குழியையும் குவளை என்பார்கள். கிளையோடு பதிந்து கிடக்கும் ஹைட்ரோதீக்காவைப் பார்த்தவருக்கு அந்தப் பொருளும் உடனே பிடிபடும்.

குவளை இருக்கிறதா என்பதுதான் பிரித்தறிவதில் முதல் கேள்வி. வெப்பக்கடல்களில் பரவலாகக் காணப்படும் பென்னேரியா என்ற ஹைட்ராய்டில் அது கிடையாது. உறை பாலிப்பின் கழுத்தடியோடு நின்றுவிடும்; தொட்டால் ஒளிந்துகொள்ள இடமில்லை. அதன் உணர்விழைகளில் கீழ்வட்டம் நூல்போலவும், மேலே இருப்பவை நுனியில் குமிழோடும் இருக்கும். ஹலேசியத்தில் குவளை உண்டு, ஆனால் பாலிப்பு முழுக்க நுழைய முடியாத அளவுக்கு ஆழமற்றது. அதைக் குவளை என்பதைவிடச் சாசர் என்பதே நியாயம். செர்ட்டுலாரிடே குடும்பத்திலும் அதன் நெருங்கிய உறவுக் குடும்பங்களிலும் குவளைக்கு மூடியே உண்டு. செர்ட்டுலரெல்லாவில் விளிம்புப் பல் நான்கு, மூடியின் மடல் நான்கு. சிம்ப்ளெக்டோசைஃபஸில் இரண்டும் மூன்று மூன்று. ஒரு பல் வித்தியாசத்தில் பேரினமே மாறிவிடுகிறது.

உண்மையான தலைவலி இறகு வடிவ ஹைட்ராய்டுகளில். அக்லாஃபீனியா, மேக்ரோரிங்கியா என்ற இரு பேரினங்களும் கண்ணுக்கு ஒரே மாதிரிப் பெரணி இலைகள்தான். மேக்ரோரிங்கியா பிலிப்பினாவின் கரிய தண்டும் வெண்கிளைகளும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். தோலில் பட்டால் நெருப்பாக எரியும் என்பதால் சிலருக்கு அறிமுகமே அப்படித்தான். 1872இல் அதற்குப் பெயரிட்ட கிர்ஷன்பவர், ஹம்பர்க் நகரத்தின் மேயராகவும் இருந்தவர்! பழைய நூல்களில் இதையே லைட்டோகார்ப்பஸ் பிலிப்பினஸ் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

ஒரு கிளையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். குவளைகள் எல்லாம் ஒரே பக்கமாக வரிசை கட்டி நிற்கும்; ஒன்றின் உயரம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒவ்வொரு குவளையைச் சுற்றியும் மூன்று சிறு குழல்கள்: முன்னால் நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. இவை நெமட்டோதீக்கா. ‘நேமா’ என்றால் நூல். கொட்டும் செல்லிலிருந்து சீறி வரும் நூலை வைத்து வந்த பெயர். ‘நூல் கூடு’ என்று எழுதினால் எவருக்கும் விளங்காது. கொட்டுகிற வேலையைச் சொல்லி ‘கொட்டுக்குழல்’ என்றால் போதும். நடுக்குழல் எவ்வளவு நீளம், குவளை விளிம்பைத் தாண்டுகிறதா, விளிம்பில் எத்தனை பல் என்பதெல்லாம் இனத்தை முடிவு செய்ய உதவும். மேக்ரோரிங்கியா என்ற பெயருக்கே ‘பெருமூக்கு’ என்றுதான் பொருள். பக்கத்துக் குடும்பமான புளுமுலாரிடேயில் இந்தக் குழல்கள் பெரும்பாலும் அடி குறுகி அசையக்கூடியவை, குவளை விளிம்பும் பல்லில்லாமல் வழுவழுப்பாக இருக்கும். நம் இரு பேரினங்களும் அடங்கிய அக்லாஃபீனிடேயில் குழல்கள் அசையாமல் பதிந்திருக்கும்.

இனப்பெருக்க உறுப்பு வைக்கும் கோனோதீக்காவைக் ‘கருச்சிமிழ்’ எனலாம். இரண்டு பேரினங்களும் தெளிவாகப் பிரிவது அங்கேதான். மேக்ரோரிங்கியாவில் சிமிழ்கள் உருமாறிய கிளையில் திறந்தபடியே இருக்கும். அக்லாஃபீனியாவிலோ கிளையின் இருபுறமும் விலா எலும்புபோலத் தகடுகள் வளைந்து எழுந்து, சிமிழ்களைச் சுற்றி ஒரு கூடை முடைந்ததுபோல நிற்கும். இதற்கு இலத்தீனில் கோர்புலா என்று பெயர், சிறு கூடை என்று பொருள். மன்னார் வளைகுடாவின் ஹைட்ராய்டுகள் 1904ஆம் ஆண்டிலேயே லாரா தார்ன்லி என்ற ஆய்வாளரின் அறிக்கையில் இடம்பெற்றவை. அந்தக் கரைப் பக்கத்தில் பனையோலையில் முடைகிற சிறு கூடைக்குக் கொட்டான் என்று பெயர் இருக்கும்போது, கோர்புலாவுக்கு வேறு சொல் எதற்கு?

ஒரே சிக்கல், கொட்டான் எப்போதும் கிடைக்காது. இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே முளைக்கும். மற்ற நாட்களில் கையில் சிக்கிய துண்டுக்குத் திரும்பவும் குவளை விளிம்பில் பல்லை எண்ண வேண்டியதுதான்.