கரஸ்ஸில், அதாவது தொலைதூரக் கல்வியில், வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லுமா?

செல்லும். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2020-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறை விதிகளின்படி, அனுமதி பெற்ற திறந்தநிலை, தொலைதூர, ஆன்லைன் பட்டங்கள் கல்லூரிக்குப் போய்ப் படித்து வாங்கும் பட்டத்துக்குச் சமம். இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-லும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லும் தொடங்கியதே வேலை, குடும்பம், தூரம் என்று படிப்பை விட்டவர்களுக்காகத்தான்.

தமிழ்நாட்டில் பலர் சறுக்குவது வேறொரு இடத்தில். +2 முடிக்காமலே நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்க ஒரு காலத்தில் வழி இருந்தது. அப்படி வாங்கியவர்கள் அரசுப் பணிக்கு விண்ணப்பித்தபோதும் பதவி உயர்வு கேட்டபோதும் வழக்குகள் வந்தன. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய முதுகலைப் பட்டத்தை உச்ச நீதிமன்றம் 2009-ல் ஏற்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு அரசாணை 107-ஐப் போட்டது. 10, +2, பட்டம் என்ற வரிசை இருந்தால்தான் அரசுப் பணிக்குத் தகுதி என்பது அதன் சாரம். அதனால் +2 விட்டுப்போனவர்கள் தனித்தேர்வராக அதை முதலில் முடித்துவிடுவது நல்லது. ஓரிரு வருடம் கூடுதலாகும், ஆனால் பட்டம் கையில் இருந்தும் பயனில்லாமல் நிற்க வேண்டியதில்லை.

சரி, எதைப் படிக்கலாம்? பி.ஏ., பி.காம்., எம்.ஏ., எம்.பி.ஏ. போன்றவை தாராளமாக. பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டப் பட்டங்களைத் தொலைதூரத்தில் தர அனுமதி இல்லை. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அப்படிக் கொடுத்த பொறியியல் பட்டங்கள் 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டன. "கரஸ்ல பி.இ." என்று யாராவது துண்டுச்சீட்டு நீட்டினால் நகர்ந்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் யூஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவின் இணையதளத்தைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் அதே படிப்புக்கு, சேரும் அதே பருவத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். ஃப்ரான்சைஸ் முறையில் மையம் நடத்தவும் தடை இருக்கிறது, ஆகவே முகவரிடம் கட்டாமல் பல்கலைக்கழகத்திடமே கட்டுங்கள். 2024 முதல், அந்தப் பிரிவின் மாணவர் அடையாள எண்ணான டெப் ஐடி இல்லாமல் சேர்க்கை கிடையாது. அதை அந்தத் தளத்திலேயே நீங்களே எடுக்கலாம்.

அப்புறம், ஏற்கெனவே கல்லூரியில் படிப்பவர்களும் கூடவே ஒரு தொலைதூரப் பட்டம் படிக்கலாம். 2022-லிருந்து யூஜிசி அதை அனுமதிக்கிறது.